லெக்ஸ்-ஏ ஒடுக்கிப் புரதமும் 1992 சென்னைக் காலராத் திரிபும்: ஓர் அறிவியல் வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுடன் பிணைந்து பல மரபணுக்களை அடக்கிவைக்கும் லெக்ஸ்-ஏ என்னும் புரதம், உயிரணுப் பிரிவை நிறுத்தவும் மீளத் தொடங்கவும் உதவும் கட்டுப்பாட்டின் மையத்தில் உள்ளது. கதிர்வீச்சு மரபியல் ஆய்வுகளின் வழியே 1944 முதல் 1984 வரையிலான நாற்பதாண்டுகளில் இப்புரதம் அறியப்பட்ட முறையை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. 1992இல் சென்னையில் தோன்றிய ஓ139 காலராத் திரிபின் ஆய்வு வரலாற்றோடு அவ்வரலாறு எவ்வாறு இணைந்தது என்பதையும் காட்டுகிறது. உயிரணுவைக் காக்கும் ஏற்பாடே மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் பரவுவதற்கும் வழியாகிறது என்ற முடிவு, தமிழகத்துக் காலரா வரலாற்றை எழுதும் முறையிலும் மாற்றத்தைக் கோருகிறது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: லெக்ஸ்-ஏ, உயிரணுப் பிரிவு, எஸ்.ஓ.எஸ். எதிர்வினை, காலரா, ஓ139, மருந்தெதிர்ப்பு.

முன்னுரை

தமிழகத்தில் காலரா பற்றிய வரலாற்றெழுத்து பெரிதும் மனிதர்களின் வரலாறாகவே அமைந்துள்ளது. 1817இல் வங்காளத்தின் ஜெசூரில் தொடங்கிய பெருந்தொற்று சென்னை மாகாணத்தை அடைந்தது, திருவிழாக்களும் யாத்திரைகளும் ஆங்கிலேய அரசின் கண்காணிப்புக்கு உள்ளானது, ‘வாந்திபேதி’ என்று மக்கள் அஞ்சிய நோய்க்கு அம்மன் வழிபாட்டில் ஆறுதல் தேடியது ஆகியன அவ்வரலாற்றின் பழகிய பகுதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றே கருதப்பட்டது. சேர்வராயன் மலையின் ஏற்காடு போன்ற மலை வாழிடங்களை ஐரோப்பியர் நாடியதிலும் தாழ்நிலத்துக் காற்றைப் பற்றிய அவ்வச்சத்துக்குப் பங்குண்டு. 1854இல் இத்தாலியர் ஃபிலிப்போ பச்சினி காலரா நுண்ணுயிரியைக் கண்டு விவரித்தும் அது கவனம் பெறவில்லை. இராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் செய்த ஆய்வுக்குப் பின்னரே ‘காற்புள்ளி’ வடிவ நுண்ணுயிரி நோய்க்காரணியாக நிலைபெற்றது.

அதன் பின்னும் வரலாற்று நூல்களில் அந்நுண்ணுயிரி மாறாத ஒன்றாகவே நிற்கிறது. அரசும் சமூகமும் மருத்துவமும் மாறுகின்றன. நுண்ணுயிரி மட்டும் மாறுவதில்லை. 1992ஆம் ஆண்டின் சென்னை நிகழ்வு இந்தப் பார்வை போதாது என்பதை உணர்த்தியது. அந்நுண்ணுயிரிக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி லெக்ஸ்-ஏ போன்ற ஒடுக்கிப் புரதங்களின் வழியே நடைபெறுகிறது. இதனை விளக்க, காலராவோடு தொடர்பற்றதாகத் தோன்றும் ஓர் ஆய்வு மரபிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

1. கதிரும் இழையும்: 1944–1967

1944ஆம் ஆண்டுக் கோடையில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மாணவியான ஈவ்லின் விட்கின், நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், எஷெரிக்கியா கோலை (ஈ. கோலை) பாக்டீரியாவின் ‘பி’ வகையைப் புற ஊதாக் கதிருக்கு உட்படுத்தினார். மிகுதியான கதிரேற்றத்துக்குப் பின்னும் தப்பிய சில உயிரணுக்களிலிருந்து கதிரைத் தாங்கும் ஒரு மரபு வகையைப் பிரித்தெடுத்தார். ‘பி/ஆர்’ எனப்பட்ட அவ்வகை, கதிர்தாங்கும் பண்பு மரபுவழி வருவது என்பதற்குச் சான்றாயிற்று.

இரு வகைகளுக்கும் இடையே நுண்ணோக்கியில் தெரிந்த வேறுபாடு ஒன்றுண்டு. கதிர்பட்ட ‘பி’ வகை உயிரணுக்கள் வளர்ந்தன, ஆனால் பிரியவில்லை. நீண்டு இழைகளாகி இறுதியில் மடிந்தன. ‘பி/ஆர்’ உயிரணுக்களோ இழையாகாமல் பிரிந்து பெருகின. ஆகவே பல உயிரணுக்களைக் கொன்றது கதிரின் நேரடித் தாக்கம் மட்டுமன்று. பிரிவு நின்றுபோனதும் ஒரு காரணம் என்று கருத இடமேற்பட்டது. இக்குறிப்பின் முழுப்பொருள் வெளிப்பட இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைக்காலத்தில் பாரிசின் பாஸ்தர் நிறுவனத்தில் ஆந்த்ரே லுவோஃபும் உடனாய்வாளர்களும் 1950இல் மற்றொரு நிகழ்வைக் கண்டனர். சில பாக்டீரியாக்கள் தம் டி.என்.ஏ.வுக்குள் ஒரு நுண்ணுயிர்த்தின்னியின், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரசின், மரபுத்தொகுதியை உறங்குநிலையில் சுமக்கின்றன. புற ஊதாக் கதிர் பட்டதும் அவ்வைரசு விழித்துப் பெருகி உயிரணுவைச் சிதைக்கிறது. 1961இல் ஃபிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் முன்வைத்த ‘ஒடுக்கி’ என்னும் கருத்து இதற்கு விளக்கம் தந்தது: வைரசின் மரபணுக்களை ஒடுக்கிப் புரதம் ஒன்று அடக்கிவைத்திருக்கிறது, கதிர் பட்டால் அவ்வடக்கம் நீங்குகிறது.

விட்கின் 1967இல் இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்தார். உயிரணு இழையாதலும் உறங்கும் வைரசு விழித்தலும் ஒரே வகைத் தூண்டலுக்கு ஒரே வகையில் பதிலளிக்கின்றன. ஆகவே பிரிவைத் தடுக்கும் பொருளும் இயல்புநிலையில் ஓர் ஒடுக்கியால் அடக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருதினார். அந்தத் தடைப்பொருளையோ அதன் ஒடுக்கியையோ அன்று எவரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. வெளித்தோற்றத்தில் தொடர்பற்ற இரு நிகழ்வுகளின் ஒப்புமையே அவருடைய சான்று.

2. ஒடுக்கியை இனங்காணல்: 1966–1984

கதிருக்கு எளிதில் இரையாகும் மரபுமாற்ற வகைகளைத் தேடிய ஆய்வுகளில், 1966இல் பால் ஹவார்ட்-ஃபிளாண்டர்சும் உடனாய்வாளரும் ‘லெக்ஸ்’ என்ற மரபணு இடத்தை அறிவித்தனர். எக்ஸ்-கதிர் உணர்திறனுக்குரிய இடம் என்பதே அப்பெயரின் பொருள். அதற்குச் சற்று முன் 1965இல் ‘ரெக்-ஏ’ மரபணு அறியப்பட்டிருந்தது. இவ்விரண்டில் எதில் பழுது நேர்ந்தாலும், கதிருக்குப் பிந்தைய எதிர்வினைகள் பலவும் ஒருசேர இல்லாமற்போயின. 1970களின் தொடக்கத்தில் மிரோஸ்லாவ் ராட்மன் இவ்வெதிர்வினைகளின் தொகுதிக்கு, கடலில் இடருறும் கப்பல் அனுப்பும் அவசரக் குறிப்பை நினைவூட்டும் வகையில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று பெயரிட்டார்.

1980இல் ஜான் லிட்டில், டேவிட் மவுண்ட் முதலியோர் லெக்ஸ்-ஏ புரதத்தைத் தூய்மைப்படுத்தி, ரெக்-ஏ முன்னிலையில் அது இரண்டாகப் பிளக்கப்படுவதைக் காட்டினர். ரெக்-ஏ வெட்டுங்கத்தியாகச் செயல்படுகிறது என்றே முதலில் கருதப்பட்டது. 1984இல் லிட்டில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைத் திருத்தியது. லெக்ஸ்-ஏ தன்னைத்தானே பிளந்துகொள்ளும் ஆற்றலுடையது. ரெக்-ஏ அப்பிளவை விரைவுபடுத்துகிறது.

இச்செயல்முறையைச் சுருக்கமாகக் கூறலாம். ஈ. கோலையில் லெக்ஸ்-ஏ 202 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் இரு மூலக்கூறுகள் இணைந்து டி.என்.ஏ.வின் குறித்த 20 எழுத்துத் தொடரில் அமர்கின்றன. ஏறத்தாழ 40 மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் இத்தகைய இடங்கள் உள்ளன; லெக்ஸ்-ஏ அமர்ந்திருக்கும்வரை அம்மரபணுக்கள் பெரிதும் வாளாவிருக்கின்றன. டி.என்.ஏ. சேதமுற்று ஒற்றை இழைப் பகுதிகள் வெளிப்படும்போது ரெக்-ஏ அவற்றின்மீது படர்கிறது. அவ்வாறு படர்ந்த ரெக்-ஏவைத் தொடும் லெக்ஸ்-ஏ, தன் 84ஆம் 85ஆம் அமினோ அமிலங்களுக்கு இடையே முறிந்து செயலிழக்கிறது. அடக்கப்பட்டிருந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

3. பிரிவு நிற்பதும் மீள்வதும்

அம்மரபணுக்களுள் ஒன்றே விட்கின் கருதிய தடைப்பொருளுக்குரியது. 1970களின் நடுவில் பிரெஞ்சு, அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்ட இம்மரபணு ‘எஸ்.எஃப்.ஐ.-ஏ’ எனவும் ‘சுல்-ஏ’ எனவும் பெயர் பெற்றது. அது லெக்ஸ்-ஏவின் கட்டுப்பாட்டில் தூண்டப்படும் பிரிவுத்தடை என்பதை 1981இல் ஹுயிஸ்மனும் தாரியும் நிறுவினர்.

சுல்-ஏவின் இலக்கு எஃப்.டி.எஸ்.-இசட் என்னும் புரதம். உயிரணு நீண்டபின் அதன் நடுவில் இப்புரதம் வளையமாகத் திரள்கிறது. அவ்வளையத்தின் இடத்திலேயே உயிரணு இரண்டாகிறது. இவ்வளையத்தை எர்ஃபெய் பீயும் ஜோ லுட்கென்ஹவுசும் 1991இல் கண்டனர். சுல்-ஏ எஃப்.டி.எஸ்.-இசட் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு அவை தொடராக இணைவதைத் தடுக்கிறது. வளையம் உருவாகாததால் உயிரணு நீள்கிறதே தவிர பிரிவதில்லை.

இத்தடை தற்காலிகமாக இருந்தால்தான் பயன் தரும். டி.என்.ஏ. சீரானதும் ரெக்-ஏவின் தூண்டல் நிற்கிறது. புதிதாக உருவாகும் லெக்ஸ்-ஏ மீண்டும் தன் இடங்களில் அமர்கிறது. எஞ்சிய சுல்-ஏவை ‘லான்’ என்னும் புரதச்சிதைப்பி அழிக்கிறது என்பதை 1983இல் மிசுசாவாவும் சூசன் காட்டெஸ்மனும் காட்டினர். லான் உள்ள உயிரணுவில் சுல்-ஏவின் அரையாயுள் ஏறத்தாழ ஒரு நிமிடமே. 1944இன் புதிரும் இதனால் அவிழ்ந்தது. ‘பி’ வகையில் லான் பழுதுபட்டிருந்தது. அதனால் சுல்-ஏ அழியாது தங்கி, சேதம் சீரான பின்னும் பிரிவைத் தடுத்தது. ‘பி/ஆர்’ வகையில் சுல்-ஏவே பழுதுபட்டது. தடை எழவே இல்லை.

பாக்டீரியாவின் பிரிவைக் கட்டுப்படுத்தும் டி.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள் வேறும் உண்டு. பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் ‘நாக்’ 2004இலும், ஈ. கோலையின் ‘எஸ்.எல்.எம்.-ஏ’ 2005இலும் அறியப்பட்டன. இவை நிறமூர்த்தத்தின்மீது ஆங்காங்கே அமர்ந்து, அதற்கு மேலாகப் பிரிவு வளையம் உருவாகாமல் தடுக்கின்றன. இவை அன்றாடக் காவல். ‘எங்கே பிரியக்கூடாது’ என்பதைக் குறிப்பவை. லெக்ஸ்-ஏவின் வழி அமைந்தது இடர்க்காலக் காவல்; ‘எப்போது பிரியக்கூடாது’ என்பது அதன் பொருள். முன்னவை டி.என்.ஏ.வில் அமர்ந்து தடுக்கின்றன. லெக்ஸ்-ஏ விலகினால்தான் தடை பிறக்கிறது.

4. சென்னை, 1992

1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியிலிருந்து பரவிய ஏழாம் உலகத் தொற்றுக்கு ‘எல் டோர்’ வகை காரணமாயிற்று. விப்ரியோ காலரே நுண்ணுயிரிகளை அவற்றின் மேற்பரப்புச் சர்க்கரைச் சங்கிலிகளின் அடிப்படையில் எண்ணிட்டு வகைப்படுத்துவர். 1992வரை 138 வகைகள் அறியப்பட்டிருந்தன. அவற்றுள் ஓ1 மட்டுமே பெருந்தொற்றை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை.

1992 அக்டோபரில் சென்னையில் காலரா நோயாளிகளிடமிருந்து பிரிக்கப்பட்ட நுண்ணுயிரி ஓ1 எதிர்ச்சீரத்தோடு வினைபுரியவில்லை. அறியப்பட்ட ஏனைய 137 வகைகளோடும் பொருந்தவில்லை. அதற்கு ஓ139 என எண்ணிடப்பட்டது. விரைவில் கல்கத்தாவிலும் பின்னர் வங்கதேசத்திலும் அது பரவியது. ஓ1 வகையால் முன்னர்ப் பெற்ற எதிர்ப்பாற்றல் இதனிடம் பயன்படாததால், நோயுற்றோரில் வயதுவந்தோர் மிகுந்திருந்தனர். வங்காள விரிகுடாவின் கரையோரங்களில் முதலில் பிரிக்கப்பட்டதைச் சுட்டி ‘பெங்கால்’ என்ற பெயரும் அதற்கு இடப்பட்டது. கடலைக் குறித்து இட்ட பெயர் நிலத்தைக் குறிப்பதாகப் படிக்கப்படுகையில், சென்னையின் இடம் வரலாற்றிலிருந்து நழுவிவிடுகிறது என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும்.

இத்திரிபு முற்றிலும் புதிய உயிரி அன்று. எல் டோர் மரபைச் சேர்ந்த ஓ1 நுண்ணுயிரி ஒன்று தன் மேற்பரப்புச் சர்க்கரைக்குரிய மரபணுத் தொகுதியை இழந்து, வேறொன்றைப் பெற்றதால் தோன்றியது என்று ஆய்வுகள் காட்டின. மரபணுக்களை வெளியிலிருந்து பெறுதலே இந்நிகழ்வின் அடிப்படை.

5. எம்.ஓ.10: இரு வரலாறுகளின் சந்திப்பு

1992இல் சென்னையில் நோயாளியிடமிருந்து பிரிக்கப்பட்ட ஓ139 நுண்ணுயிரி ஒன்று ‘எம்.ஓ.10’ என்ற குறியீட்டோடு அமெரிக்க ஆய்வகங்களை அடைந்தது. மேத்யூ வால்டோர், ஹெல்முட் ட்ஷேப்பே, ஜான் மெக்கலானோஸ் ஆகியோர் 1996இல் அதில் ஒரு புதிய இடம்பெயர் மரபுக்கூற்றைக் கண்டனர். சல்ஃபமீத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், குளோராம்ஃபெனிகால், ஸ்டிரெப்டோமைசின் ஆகிய மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களை அது சுமந்தது. முதலிரு மருந்துகளின் கூட்டுக்கு ஆய்வகங்களில் வழங்கும் சுருக்கக்குறியே ‘எஸ்.எக்ஸ்.டி.’ என அதற்குப் பெயராயிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் கார இணைகள் நீளமுள்ள இக்கூறு, நிறமூர்த்தத்திலிருந்து பெயர்ந்து வளையமாகி அடுத்த உயிரணுவுக்குச் சென்று, அதன் நிறமூர்த்தத்தில் அமர வல்லது. பின்னர் ஆசியாவின் ஓ1 நுண்ணுயிரிகளிலும் இவ்வகைக் கூறுகள் பரவலாயின.

இக்கூறு எப்போது இடம்பெயர்கிறது என்ற வினாவே லெக்ஸ்-ஏவின் வரலாற்றை இங்குக் கொணர்கிறது. எஸ்.எக்ஸ்.டி.யின் இடம்பெயர் மரபணுக்களை ‘செட்-ஆர்’ என்னும் ஒடுக்கிப் புரதம் அடக்கிவைத்துள்ளது. லுவோஃபின் பாரிசுக் குழு ஆராய்ந்த வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்த்தின்னிகளின் ஒடுக்கியை ஒத்தது அது. பீபர், ஹோக்ஹுட், வால்டோர் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, டி.என்.ஏ. சேதமுற்று எஸ்.ஓ.எஸ். எதிர்வினை எழும்போது செட்-ஆரின் அடக்கமும் நீங்குகிறது, எஸ்.எக்ஸ்.டி. மிகுதியாக இடம்பெயர்கிறது. டி.என்.ஏ. படியெடுப்பைத் தாக்கும் சிப்ரோஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பியே இத்தூண்டலை உண்டாக்கியது. ஒரு மருந்தால் தாக்குண்ட நுண்ணுயிரி, வேறு மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களை அண்டை உயிரணுக்களுக்கு வழங்கத் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆய்வு லெக்ஸ்-ஏவை நேரடியாகவே காலராவோடு இணைத்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காலரா நஞ்சு உயிரணுவிலிருந்து வெளியேறும் பொருள் என்பதைக் கல்கத்தாவின் சம்பு நாத் தே 1959இல் நிறுவியிருந்தார். அந்நஞ்சின் மரபணுக்கள் ‘சி.டி.எக்ஸ்.’ என்னும் நுண்ணுயிர்த்தின்னியின் மரபுத்தொகுதியில் உள்ளன என்பது 1996இல் தெரியவந்தது. அத்தின்னியை அடக்கிவைக்கத் தின்னியின் சொந்த ஒடுக்கியோடு காலரா நுண்ணுயிரியின் லெக்ஸ்-ஏவும் துணைபுரிகிறது என்பதையும், லெக்ஸ்-ஏ பிளவுபடும்போது தின்னி உற்பத்தி பெருகுகிறது என்பதையும் கினோனெஸ், கிம்சி, வால்டோர் ஆகியோர் 2005இல் காட்டினர். தின்னி தன் மரபணுக்களை ஏற்புடைய பிற விப்ரியோக்களுக்குக் கொண்டுசெல்ல வல்லது. ஆகவே நஞ்சுடைமையும் பகிரத்தக்கதாகிறது.

1967இல் விட்கின் ஒப்புமையால் ஊகித்த இணைப்பு, பிரிவுத்தடையும் உறங்கும் வைரசும் ஒரே குறிப்புக்குச் செவிசாய்க்கின்றன என்பது, இவ்வாறு சென்னையின் நோயாளியிடமிருந்து வந்த நுண்ணுயிரியிலும் அதன் இனத்திலும் பொருளுடையதாயிற்று.

6. விளைவும் பொருளும்

லெக்ஸ்-ஏவின் ஏற்பாடு உயிரணுவின் நலத்துக்கானது. சேதமுற்ற மரபுச் செய்தியைச் சேய் உயிரணுக்களுக்குப் பகிர்வதற்கு முன் சீர்செய்ய அவகாசம் தருவது அதன் பணி. ஆனால் உயிரணுவுக்குள் தங்கியிருக்கும் வைரசுகளும் இடம்பெயர் கூறுகளும் அதே குறிப்பைத் தமக்கான எச்சரிக்கையாகக் கொள்கின்றன. தங்கியிருக்கும் வீடு இடியும் நிலை வந்தால் வெளியேறுவதே அவற்றுக்கு நன்மை. ஒரே இடர்க்குறிப்பு உயிரணுவுக்குத் ‘தங்கு’ என்றும் அக்கூறுகளுக்குப் ‘புறப்படு’ என்றும் பொருள்படுகிறது.

மருத்துவ நடைமுறைக்கும் இதனால் ஒரு பாடம் உண்டு. காலராவில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அதனை ஈடுசெய்வதே முதன்மைச் சிகிச்சை. 1971இல் வங்கதேச ஏதிலியர் முகாமொன்றில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பரவலாகப் பயன்படுத்தி இறப்பைப் பெரிதும் குறைத்தார். நுண்ணுயிர் எதிர்ப்பி, கடுமையாக நோயுற்றோரில் நோயின் காலத்தைக் குறைக்கும் துணைமருந்து. தொற்றுப் பகுதியில் அனைவருக்கும் முன்கூட்டியே அதனை வழங்குவதை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. தாங்கும் நுண்ணுயிரிகளை மருந்து தெரிந்தெடுத்து வளர்க்கிறது என்ற பழைய காரணத்தோடு, சில மருந்துகள் அப்பண்பின் இடம்பெயர்வையே தூண்டுகின்றன என்ற புதிய காரணத்தையும் மேற்கண்ட சோதனைகள் சேர்த்துள்ளன. உப்புச்சர்க்கரை நீர் எந்த நுண்ணுயிரியின் டி.என்.ஏ.வையும் தாக்குவதில்லை, ஆகவே எந்த ஒடுக்கியையும் பிளப்பதில்லை.

முடிவுரை

லெக்ஸ்-ஏவின் வரலாறு காலராவுக்காகத் தொடங்கியதன்று. கதிர்பட்ட சில உயிரணுக்கள் ஏன் பிரியவில்லை என்ற வினாவில் அது தொடங்கியது. தடைப்பொருள், ஒடுக்கி, சிதைப்பி என ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆய்வகங்களில் வெவ்வேறு காரணங்களுக்காகக் கண்டறியப்பட்டன. சென்னையில் 1992இல் தோன்றிய திரிபை ஆராய்ந்தோர்க்கு அவ்வறிவு ஆயத்தமாகக் கிடைத்தது.

தமிழகத்து நோய் வரலாற்றெழுத்துக்கு இதிலிருந்து பெறத்தக்கவை இரண்டு. முதலாவது, நுண்ணுயிரியை மாறாத பின்னணியாகக் கொள்ளாமல், மனிதர்களின் செயலுக்கு விடையிறுக்கும் வரலாற்று உறுப்பாகக் கொள்ளுதல். மருந்துப் பயன்பாடு என்னும் சமூக நடத்தை அதன் மரபுத்தொகுதியில் பதிவாகிறது. அப்பதிவும் ஓர் ஆவணமே. இரண்டாவது, ஓ139இன் வரலாற்றில் சென்னைக்குரிய இடத்தைத் தெளிவாக எழுதுதல். ஓ139 பின்னாளில் அருகியது, ஆயினும் எம்.ஓ.10இல் முதலில் இனங்காணப்பட்ட வகையைச் சேர்ந்த இடம்பெயர் கூறுகள் ஓ1 நுண்ணுயிரிகளில் நிலைத்துவிட்டன. நோயாளிகளின் எண்ணிக்கையோடும் அரசாணைகளோடும் காலராவின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. நுண்ணுயிரியின் மரபுத்தொகுதியிலும் அது தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது.